ஹப்
வண்டிச் சக்கரத்தில் ஆரக்கால்கள் வந்து செருகும் நடுக்கட்டையைத் தமிழில் குடம் என்போம். ஆங்கிலத்தில் அதுவே ஹப். 1990களின் அலுவலகங்களில் எல்லாக் கணினிகளின் கேபிளும் வந்து சேர்ந்த பெட்டிக்கும் அந்தப் பெயரே வாய்த்தது. உருவத்துக்குப் பொருத்தம்தான், வேலையைப் பார்த்தால் ரிப்பீட்டர் என்பதே சரி. ஒரு போர்ட்டில் வந்த சிக்னலை மற்ற எல்லாவற்றுக்கும் அப்படியே திருப்பி அனுப்பும், அவ்வளவுதான். எஸ்.என்.எம்.பி. என்ற வலையமைப்பு மேலாண்மை நெறிமுறை சேர்ந்த ஹப் 'மேனேஜ்டு' ஆனது. ஒரே நேரத்தில் அனுப்பிய சிக்னல்களின் மோதல்கள் எத்தனை என்று தொலைவிலிருந்தே கேட்கலாம். தொல்லை தரும் போர்ட்டை உட்கார்ந்த இடத்திலேயே அணைக்கலாம். அதற்கான வரையறை 1992இல் ஆர்.எஃப்.சி. 1368 என்ற இணைய நெறிமுறை ஆவணமாக வந்தது. மலிவான ஹப்களில் இதெல்லாம் கிடையாது. நேரில் போய்க் கேபிளைப் பிடுங்க வேண்டியதுதான்.