ஜிகா நமக்குப் புதுசா?

1/ 2021 ஜூலையில பாறசாலையைச் சேர்ந்த கர்ப்பிணி ஒருவருக்கு ஜிகா உறுதியானதும், எல்லைக்கு இந்தப் பக்கம் களியக்காவிளையிலும் ஒரே பேச்சு: "டாக்டரே, இது புது வைரஸா?"

2/ 1947ல உகாண்டாவின் ஜிகா காட்டுல, ஒரு குரங்கின் ரத்தத்தில் கண்டுபிடிச்சது. 1952ல புனேயில் வைரஸ் ஆய்வு மையம் தொடங்கின கையோட நம்ம நாட்டு ஆட்களின் ரத்தத்தைச் சோதிச்சாங்க. 196 பேரில் 33 பேரிடம் ஜிகாவுக்கு எதிர்ப்புப் பொருள் இருந்தது!

3/ அப்போ ஆறுல ஒருத்தருக்கு வந்துட்டுப் போயிருக்கா? அவசரப்படாதீங்க மக்கா. டெங்குவும் ஜிகாவும் பங்காளிங்க. டெங்கு வந்தவரின் ரத்தம் ஜிகா சோதனையிலும் தலையாட்டும். அந்த 33ஐ அப்படியே எடுத்துக்க முடியாது.

4/ அதனாலதான் இப்போ வைரஸையே தேடும் பிசிஆர் சோதனை. ரத்தத்தில் அது சில நாள்தான் தங்கும். கர்ப்பிணிகளுக்குக் காய்ச்சல், தடிப்பு, கண் சிவப்புன்னா அன்னைக்கே வாங்க. ஜிகா பிள்ளையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும்.