ஹீமோஃபிலியாவும் உடற்பயிற்சியும்: மதுரை வட்டாரத்தில் இயன்முறை சிகிச்சையாளரின் ஆயத்தநிலை

ரத்தம் எளிதில் உறையாத ஹீமோஃபிலியா நோய் உள்ளவரை உடற்பயிற்சி செய்ய விடலாமா என்ற கேள்விக்கு மருத்துவ உலகம் விடை சொல்லி ஆண்டுகள் பல ஆகிவிட்டன. மூட்டுக்குள் ரத்தம் கசிந்தபின் வலிக்குப் பயந்து காலை அசைக்காமலே வைத்திருந்தால் தொடைத்தசை சூம்பும். தாங்கும் தசை மெலிந்த முழங்காலில் மீண்டும் மீண்டும் ரத்தம் கசியும். உலக ஹீமோஃபிலியா கூட்டமைப்பின் 2020 வழிகாட்டு நெறிகளை உருவாக்கியவர்களில் முதன்மையானவர், அப்போது வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் இருந்த அலோக் ஸ்ரீவஸ்தவா. உடலியக்கத்தை ஊக்குவிக்க வேண்டும் என்பதே அந்நெறிகளின் நிலைப்பாடு. அந்த நிலைப்பாட்டை உசிலம்பட்டியிலும் மேலூரிலும் செயல்படுத்த வேண்டியவர் இயன்முறை சிகிச்சையாளர். அவருடைய ஆயத்தத்தைப் பயிற்சி வகைகள் எத்தனை தெரியும் என்பதைக் கொண்டு அளப்பது போதாது. எந்த நாளில் பயிற்சி கூடாது என்று அவரால் சொல்ல முடிகிறதா என்பதே சரியான அளவுகோல்.

அவர் அன்றாடம் காண்பது பக்கவாதம், மூட்டுத் தேய்மானம், தோள் இறுக்கம். அங்கே பழகிய கை இங்கே ஆபத்தாகலாம். தொடையை மடக்கியபடி நொண்டி வரும் இளைஞனுக்குக் காலை நீட்டினால் இடுப்பில் வலி, தொடையின் முன்புறம் மரத்துப்போயிருக்கிறது என்றால், அது இடுப்புத்தசைக்குள் ரத்தக்கசிவாக இருக்கக்கூடும். தசைப்பிடிப்பு என்று எண்ணி நீவினாலோ இழுத்து நீட்டினாலோ கசிவு பெருகும். ஊரில் எண்ணெய் போட்டு நீவிவிடுபவர் செய்யும் அதே தவறைப் பட்டம் பெற்றவரும் செய்துவிடலாம். இன்னொன்று, காலக்கணக்கு. ரத்தம் உறைய உதவும் எட்டாம் காரணியின் வழக்கமான ஊசி போட்ட 8 முதல் 12 மணி நேரத்தில் ரத்தத்தில் அதன் அளவு பாதியாகிவிடுகிறது. கடினமான பயிற்சியை ஊசி போட்ட நாளிலேயே வைத்துக்கொள்வது இதனால்தான். ஊசி எப்போது போட்டது என்று கேட்காமல் தொடங்கும் பயிற்சி, எவ்வளவு நல்ல பயிற்சியானாலும், குருட்டாம்போக்குதான்.

பயிற்சியே கசிவைத் தூண்டாதா என்பது நியாயமான மறுப்பு. ஆஸ்திரேலியாவில் 104 சிறுவர்களை ஆராய்ந்து 2012இல் வெளியான ஆய்வு, கடும் விளையாட்டை ஒட்டிய சிறிது நேரத்துக்குக் கசிவு வாய்ப்பு கூடுவதைக் காட்டியது. ஒட்டுமொத்தமாகப் பார்த்தால் அந்தக் கூடுதல் சிறியதே. ஆனால் அச்சிறுவர்களில் பெரும்பாலோர் கசிவு வராமல் தடுக்க முன்கூட்டியே காரணி ஊசி பெற்றுவந்தவர்கள். கசிந்த பிறகே ஊசி கிடைக்கும் நோயாளிக்கு அந்த ஆறுதலை அப்படியே சொல்லிவிட முடியாது. அவருக்கு மூட்டை அசைக்காமல் தசையை இறுக்கித் தளர்த்தும் பயிற்சியில் தொடங்கி, மெல்ல மெல்லத்தான் கூட்ட வேண்டும். ஆகவே இந்த மறுப்பு பயிற்சியைத் தள்ளவில்லை, அதை வகுப்பவரின் தகுதியை உயர்த்தச் சொல்கிறது. ஆண் குழந்தைகளில் ஏறத்தாழ 5,000 பேரில் ஒருவருக்கு வரும் நோய்க்காக எல்லாரையும் பயிற்றுவதா என்றும் கேட்கலாம். ஆனால் மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் மட்டும் தேர்ந்தவர் இருந்தால், கால் மடங்காதவர் ஒவ்வொரு முறையும் பஸ் ஏறி நகரத்துக்கு வர வேண்டும். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சையாளர்கள் வீடு தேடியே போகிறார்கள். பாதை இருக்கிறது, அதில் நடப்பவருக்கு இந்த நோயைக் கற்றுத்தர வேண்டும்.

பலனை அளக்கவும் வெளியே தேட வேண்டியதில்லை. அன்றாடச் செயல்களைத் தாமே செய்யும் திறனை அளக்க வேலூரில் உருவான ‘ஃபிஷ்’ அளவீடு, நடத்தல், படியேறல் ஆகியவற்றோடு குந்துவதையும் மதிப்பிடுகிறது. தரையில் உட்கார்ந்து எழும் மக்களிடையே மூட்டு மடங்கும் கோணத்தைவிட இது பொருளுள்ள கணக்கு. வட்டார இயன்முறை சிகிச்சையாளருக்கு இந்த அளவீடும், கசிவு அறிகுறிப் பட்டியலும், சந்தேகம் வந்தால் உடனே கேட்க இராசாசி மருத்துவமனையின் ஒரு தொலைபேசி எண்ணும் தரப்பட வேண்டும். இம்மூன்றையும் தராமல் அவர் தயங்குகிறார் என்று குறை சொல்வது நியாயமில்லை.