“எவ்வளவு குடிப்பீங்க?”: குடிநோய் ஆலோசகரின் கேள்வி வளர்ந்த வரலாறு

மறுவாழ்வு மையத்தில் சேர வருபவரிடம் ஆலோசகர் கேட்கும் முதல் சில கேள்விகளுள் ஒன்று, “ஒரு நாளைக்கு எவ்வளவு குடிப்பீங்க?” என்பது. தமிழ்நாட்டில் அதற்கு அடிக்கடி கிடைக்கும் பதில்: “ஒரு கட்டிங்தான் சார்.” பக்கத்து நாற்காலியில் இருக்கும் மனைவி ஒன்றும் சொல்லாமல் ஆலோசகரை நிமிர்ந்து பார்ப்பார். படிவத்தில் அந்தக் கட்டம் இன்னும் காலியாகத்தான் இருக்கும். அதில் என்ன எழுதுவது, எழுதுமுன் இன்னும் என்ன கேட்பது, எந்தக் குரலில் கேட்பது என்பதில் ஆலோசகரின் தொழிலறிவு பெரும்பகுதி அடங்கியிருக்கிறது.

குடிநோய் சிகிச்சையின் வரலாறு பெரும்பாலும் மருந்துகளின் வரலாறாகவோ மதுவிலக்குச் சட்டங்களின் வரலாறாகவோ எழுதப்படுகிறது. இக்கட்டுரை அதைக் கேள்வியின் வரலாறாகத் தொடர்கிறது. குடிப்பவரிடம் யார் கேட்டார்கள், என்ன கேட்டார்கள், சரியான பதில் வராதபோது யாரைக் குறை சொன்னார்கள்? நீண்ட காலம் அந்தக் குறை குடிப்பவர் தலையிலேயே விழுந்தது. கேட்ட முறையிலும் பிழை இருக்கலாம் என்று இத்துறை ஏற்றுக்கொள்ள ஏறத்தாழ 200 ஆண்டுகள் பிடித்தன.

மருத்துவரும் பாவக் கணக்கும்

பிலடெல்பியா மருத்துவர் பெஞ்சமின் ரஷ் 1784இல் வெளியிட்ட சிறுநூலில் தொடர்குடியை ஒரு நோயாக விவரித்தார். பின்னர் அவர் வெளியிட்ட படம் ஒன்று வெப்பமானி வடிவில் இருக்கும். மேலே தண்ணீர், பால், இறங்க இறங்கக் காட்டமான மது வகைகள், அவற்றுக்கு எதிரே நோய்கள், குற்றங்கள், தண்டனைகள், அடியில் தூக்குமரம். நோய் என்று சொன்ன அதே கை பாவக் கணக்கையும் எழுதியது. இவ்விரண்டும் பிரியாமல் ஒட்டிக்கொண்டே வந்ததுதான் அடுத்து வந்த காலத்தின் சிக்கல்.

பிரிட்டிஷ் கடற்படை மருத்துவர் தாமஸ் டிராட்டர், 1788இல் எடின்பரோவில் அளித்த ஆய்வேட்டை விரித்து 1804இல் நூலாக்கினார். குடிப்பழக்கம் மனத்தின் நோய் என்பது அவர் கருத்து. நோயாளியின் நம்பிக்கையைப் பெறுவதே மருத்துவரின் தலையாய வேலை என்றும் அவர் வற்புறுத்தினார். இன்றைய ஆலோசகர் பயிற்சியின் முதல் பாடம் அதுதான். ஆனால் அந்த நூற்றாண்டு போன பாதை வேறு. 1864இல் நியூயார்க் மாநிலத்தின் பிங்ஹாம்டனில் குடிநோயாளிகளுக்கான காப்பகம் திறக்கப்பட்டது. 1879 முதல் லெஸ்லி கீலி ‘தங்க மருந்து’ என்ற பெயரில் ஊசி போட்டு ஊர் ஊராக நிலையங்கள் நடத்தினார். கேட்பதற்கு அங்கே அதிக இடமில்லை.

ஒரே ஒரு விதிவிலக்கைச் சொல்ல வேண்டும். 1840இல் பால்டிமோர் நகர மதுக்கடை ஒன்றில் ஆறு குடிகாரர்கள் கூடி, இனி தொடுவதில்லை என்று உறுதி எடுத்துக்கொண்டு, தங்கள் கதையைத் தாங்களே மேடையில் சொல்லத் தொடங்கினார்கள். வாஷிங்டோனியன் இயக்கம் என்று பெயர் பெற்ற அது சில ஆண்டுகளில் ஓய்ந்துவிட்டது. ஆனாலும் யாரும் குறுக்கு விசாரணை செய்யாமலேயே குடிப்பவர் வாய் திறப்பார் என்பதை அது காட்டிவிட்டுப் போனது.

குடித்தவரே கேட்டபோது

பாஸ்டனின் இம்மானுவேல் தேவாலயத்தில் 1906இல் மருத்துவத்தையும் சமய ஆறுதலையும் சேர்த்து ஒரு சிகிச்சை முயற்சி தொடங்கியது. அங்கே சிகிச்சை பெற்றுக் குடியை விட்ட கோர்ட்னி பெய்லர், 1910களில் அதே இடத்தில் பிறருக்கு உதவும் பணியில் சம்பளத்துக்கு அமர்ந்தார். குடியிலிருந்து மீண்டவர் அதையே தொழிலாகக் கொண்டதற்கு அவர் மிக முந்திய சான்று. 1935இல் ஒஹையோவின் ஆக்ரன் நகரில் பில் வில்சனும் மருத்துவர் பாப் ஸ்மித்தும் சந்தித்ததில் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் பிறந்தது. அங்கே வரிசையே தலைகீழ். உதவ வருபவர் முதலில் தன் கதையைச் சொல்கிறார். எதிரில் இருப்பவர் அதில் தன்னைக் கண்டு பேசத் தொடங்குகிறார்.

மருத்துவரின் ஓடையும் குடியிலிருந்து மீண்டவரின் ஓடையும் சேர்ந்த இடம் மின்னசோட்டா. வில்மார் அரசு மனநல மருத்துவமனையில் குடிநோயாளிகள் மற்ற மனநோயாளிகளோடு பூட்டிய வார்டுகளில் இருந்தார்கள். 1950இல் பொறுப்பேற்ற மருத்துவர் நெல்சன் பிராட்லியும் உளவியலர் டேனியல் ஆண்டர்சனும் அவர்களைப் பிரித்தார்கள், பூட்டைத் திறந்தார்கள், குடியிலிருந்து மீண்டவர்களை மருத்துவர், உளவியலர், போதகர் ஆகியோருடன் ஒரே குழுவில் அமர்த்தினார்கள். 1954இல் மாநில அரசு ‘குடிநோய் ஆலோசகர்’ என்ற பணியிடத்தையே உருவாக்கியது. 1949இல் தொடங்கிய ஹேசல்டன் மையம் வழியாக ‘மின்னசோட்டா முறை’ உலகெங்கும் பரவியது. நோயாளியின் வெட்கத்தைப் பாதியாகக் குறைக்க எதிரில் இருப்பவரும் குடித்தவர் என்ற ஒரு செய்தி போதும். அந்தச் செல்வத்தை இத்துறை இழக்கக் கூடாது. ஆனால் அதற்குள்ளேயே ஓர் ஆபத்தும் இருந்தது: தான் விழுந்த வழியிலேயே எல்லோரும் விழுந்திருப்பார்கள் என்று ஆலோசகர் நம்பிவிடலாம்.

அந்த நம்பிக்கைக்கு அறிவியல் உடை கிடைத்த கதை பலருக்குத் தெரியாது. ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் உறுப்பினர்கள் தாங்களே தயாரித்த வினாப்பட்டியல் ஒன்றைத் தங்கள் ‘கிரேப்வைன்’ இதழில் வெளியிட்டார்கள். வந்த பதில்களுள் 98 ஆண்களுடையவற்றை மட்டும் எடுத்து எல்வின் மார்ட்டன் ஜெல்லினெக் 1946இல் ஆராய்ந்தார். பெண்களின் பதில்கள் மிகக் குறைவாக இருந்ததால் சேர்க்கப்படவில்லை. தரவின் குறைகளை ஜெல்லினெக்கே எடுத்துச் சொன்னார். ஆயினும் குடிநோய் படிப்படியாக இறங்கும் கட்டங்கள் என்ற அவரது வரைவு நிலைத்துவிட்டது. பிரிட்டனின் மேக்ஸ் கிளாட் 1958இல் அதற்கு மீட்சியின் ஏறுமுகத்தையும் சேர்த்து வளைகோடாக வரைந்தார்; அது ‘ஜெல்லினெக் வளைகோடு’ என்ற பெயரில் சுவர்களில் மாட்டப்பட்டது. அதன்முன் உட்காரும் நோயாளியிடம், “நீங்க இதில் எந்தப் படியில் இருக்கீங்க?” என்று கேட்பது எளிது. படியே இல்லாத வாழ்க்கை உள்ளவர் என்ன சொல்வார்? பொறுப்பான மனைவியாக, ஆசிரியையாக இருந்துகொண்டே இரவில் மட்டும் குடிக்கும் பெண் எந்தப் படியைக் காட்டுவார்?

உடைத்துக் கேட்டபோது

சார்லஸ் டீடரிக் 1958இல் கலிபோர்னியாவில் தொடங்கிய சினனான் குடியிருப்பில் ‘விளையாட்டு’ என்றொரு வழக்கம் இருந்தது. வட்டமாக உட்கார்ந்து ஒருவரைக் குறிவைத்து எல்லோரும் ஏசுவார்கள், கத்துவார்கள், அவர் உடையும்வரை விடமாட்டார்கள். போதை மீட்புக் குடியிருப்புகள் பலவும் அதைப் பின்பற்றின. சினனான் பின்னாளில் வன்முறை மிக்க குழுவாக மாறியது. 1978இல் அதன் உறுப்பினர்கள், தங்களை எதிர்த்து வழக்காடிய வழக்கறிஞர் ஒருவரின் தபால் பெட்டிக்குள் கடும் விஷமுள்ள கிலுகிலுப்பைப் பாம்பை விட்டார்கள். அது அவரைக் கடித்தது. அந்தக் குடியிருப்பு அழிந்த பின்னும் அதன் குரல் அறைகளில் தங்கிவிட்டது. குடிநோயாளி பொய் சொல்வார், ‘மறுப்பு’ அவர் நோயின் குணம், அதை உடைத்தால்தான் வழி என்று ஆலோசகர்களுக்குக் கற்பிக்கப்பட்டது. இத்துறை செய்த மிகக் கனமான தவறு இது என்பது என் முடிவு. அவமானப்பட்டு எழுந்து போனவர்கள் எத்தனை பேர் திரும்பி வராமலே இறந்தார்களோ, அந்தக் கணக்கை எந்தப் பதிவேடும் வைத்திருக்கவில்லை.

எண்ணிக் கேட்டபோது

அதே ஆண்டுகளில் இன்னொரு பக்கம் அமைதியான வேலை நடந்தது. 1971இல் மெல்வின் செல்சர் மிச்சிகனில் ‘மாஸ்ட்’ வினாப்பட்டியலை வெளியிட்டார். வட கரோலினாவில் ஜான் யூவிங் நான்கே கேள்விகளில் ‘கேஜ்’ சோதனையை உருவாக்கினார். 1984இல் அது பரவலாக அறிமுகமானது. குறைத்துக்கொள்ள நினைத்ததுண்டா, பிறர் குறை சொல்லி எரிச்சல் பட்டதுண்டா, குற்ற உணர்வு வந்ததுண்டா, காலையில் எழுந்ததும் குடித்ததுண்டா என்பவை அவை. எவ்வளவு என்ற கேள்வியே அதில் இல்லை. அளவில் பொய் சொல்பவரும் எரிச்சலைப் பற்றி உண்மை பேசுவார்.

1980இல் தாமஸ் மெக்லெல்லன் குழு பிலடெல்பியாவில் அமைத்த ‘போதைத் தீவிரக் குறியீடு’ ஏழு பகுதிகளைத் தனித்தனியே கேட்டது: உடல்நலம், வேலை, மது, போதைப்பொருள், சட்டச் சிக்கல், குடும்பம், மனநலம். குடிக்கும் அளவு ஒன்றாக உள்ள இருவரில் ஒருவருக்கு வேலை போயிருக்கும், மற்றவருக்கு மனச்சோர்வு முற்றியிருக்கும். இருவருக்கும் ஒரே சிகிச்சைத் திட்டம் பொருந்தாது. உலக சுகாதார நிறுவனம் ஆறு நாடுகளில் ஆராய்ந்து உருவாக்கிய ‘ஆடிட்’ பத்துக் கேள்விகளைக் கொண்டது. 40 புள்ளிகளில் 8 வந்தாலே கவனிக்க வேண்டும் என்பது அதன் வரம்பு. குடிகாரர், குடிகாரரல்லாதவர் என்ற இரண்டே பெட்டிகள் போய், இடையில் இருப்பவர்களும் கண்ணுக்குத் தெரிந்தார்கள்.

லண்டனில் கிரிஃபித் எட்வர்ட்ஸ் குழு 1977இல் வெளியிட்ட ஆய்வை நான் பயிற்சி வகுப்புகளில் தவறாமல் சொல்வதுண்டு. திருமணமான 100 ஆண்கள், மனைவியரோடு வந்தார்கள். பாதிப் பேருக்கு முழுச் சிகிச்சை; மறுபாதிக்கு ஒரே ஒரு அமர்வில் தெளிவான அறிவுரை. ஓராண்டு முடிவில் இரு பிரிவுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. சிகிச்சை வீண் என்று இதைப் படித்தவர்கள் உண்டு. நான் வேறு விதமாகப் படிக்கிறேன். இரு பிரிவினரிடமும் தொடக்கத்தில் விரிவாக, பொறுமையாக விசாரிக்கப்பட்டிருந்தது. கணவனும் மனைவியும் உட்கார்ந்து தங்கள் நிலையை முழுதாகச் சொல்லி முடித்ததே பாதி சிகிச்சையாக இருந்திருக்கலாம்.

இந்த இடத்தில் வில்லியம் மில்லர் வருகிறார். 1980களின் தொடக்கத்தில் நார்வேயின் பெர்கன் அருகே ஒரு சிகிச்சை மையத்தில், இளம் உளவியலர்கள் தங்கள் நோயாளிகளைப் போல நடித்துக் காட்ட, அவர் ஆலோசகராகப் பேசிக் காட்டினார். நடுவில் நிறுத்தி நிறுத்தி அவர்கள் கேட்டார்கள்: இப்போது ஏன் இதைக் கேட்டீர்கள்? அவர் சொன்னதில் இந்தச் சொல்லை மட்டும் ஏன் திருப்பிச் சொன்னீர்கள்? தன்னையறியாமல் செய்துவந்ததை அப்படி வாய்விட்டுச் சொல்ல நேர்ந்ததில் பிறந்தது 1983ஆம் ஆண்டுக் கட்டுரை. ஸ்டீபன் ரோல்னிக்குடன் 1991இல் நூலாகவும் வந்தது. மாற வேண்டிய காரணத்தை ஆலோசகர் சொன்னால் நோயாளி எதிர்வாதம் செய்வார். நோயாளியின் வாயிலிருந்தே அது வரும்படி கேட்க வேண்டும் என்பது ‘ஊக்க நேர்காணலின்’ சாரம். 1993இல் மில்லர் குழுவின் ஆய்வு இன்னும் கூர்மையாகப் பேசியது: ஆலோசகர் எவ்வளவு அதிகம் மோதினாரோ, ஓராண்டு கழித்து அந்த நோயாளி அவ்வளவு அதிகம் குடித்துக்கொண்டிருந்தார். அப்படியென்றால் ‘மறுப்பு’ என்று நாம் குறித்துவைத்ததில் ஒரு பங்கு நம் குரல் உண்டாக்கியது.

கட்டிங் என்பது எத்தனை?

சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் தொடங்கிய டி.டி.ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளை, மருத்துவத்தையும் ஆலோசனையையும் ஒன்றாகத் தமிழ்நாட்டில் நிலைநாட்டியது. 1989 முதல் மஞ்சக்குடி கிராமத்தில் அவர்கள் நடத்திய முகாம்கள், நகரத்து மருத்துவமனைக்கு வர முடியாதவரின் ஊருக்கே சிகிச்சையைக் கொண்டுபோயின. ஆனால் கருவிகள் வெளியிலிருந்து வந்தவை. அவற்றைத் தமிழில் கேட்கும்போது ஒரு கணக்கு தவறினால் எல்லாம் தவறும்.

‘ஆடிட்’ கேட்பது ‘குடி அளவு’. ஓர் அளவு என்பது 10 கிராம் தூய ஆல்கஹால். நம் கடைகளில் விற்கும் குவார்ட்டர் 180 மில்லி, 42.8 சதவீதக் காட்டத்தில் அதில் ஏறக்குறைய 61 கிராம் இருக்கிறது. ஆக, ஒரு குவார்ட்டர் ஆறு அளவு. அதில் பாதியான கட்டிங் மூன்று அளவு. தினமும் ஒரு குவார்ட்டர் குடிப்பவர் “ஒண்ணுதான் சார்” என்று சொல்ல, ஆலோசகரும் ‘ஒன்று’ என்று எழுதினால், முதல் மூன்று கேள்விகளில் அவருக்கு 4 புள்ளி வரும். சரியாக மாற்றி எழுதினால் 10. முதலில் எழுதியபடி அவர் வரம்புக்கு வெகு கீழே. இரண்டாவதில் அந்த மூன்று கேள்விகளிலேயே தாண்டிவிட்டார். அவர் பொய்யே சொல்லவில்லை.

அளவைவிட அவசரமான கேள்வி இன்னொன்று: “கடைசியா எப்போ குடிச்சீங்க?” நீண்ட நாள் குடித்தவர் சட்டென நிறுத்தினால் ஏறத்தாழ 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம்; இரண்டு மூன்று நாளில் உடல் நடுங்கி, இல்லாதது கண்ணில் தெரிந்து, உயிருக்கே ஆபத்தாகலாம். முன்பு நிறுத்தியபோது என்ன ஆனது என்று கேட்டால் வரப்போவதை ஓரளவு கணிக்கலாம். “இதற்கு முன் நிறுத்த முயன்றதுண்டா?” என்ற படிவக் கேள்விக்குப் பலர் இல்லை என்பார்கள். “விரதத்துக்கு மாலை போட்டப்ப குடிச்சீங்களா?” என்று கேட்டுப் பாருங்கள். பதில் உடனே வரும், தேதியோடு வரும். அந்த முதல் மூன்று நாள் கை நடுங்கியதா, தூக்கம் வந்ததா என்று அடுத்தடுத்துக் கேட்கலாம்.

2019இல் வெளியான தேசிய ஆய்வின்படி, மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவரே ஏதாவதொரு சிகிச்சை பெற்றதாகச் சொன்னார். அந்த ஒருவரும் விட்டுப் போய் மறுபடி குடித்துவிட்டு வந்து நிற்பார். ஆலன் மார்லட் 1985இல் ஜூடித் கார்டனுடன் எழுதிய நூலுக்குப் பின், இந்த வருகையைத் தோல்வியாகப் பார்க்காமல், எந்த நேரத்தில், யாரோடு, எந்த மனநிலையில் கை நீண்டது என்று பிரித்துப் பார்க்கும் பழக்கம் வந்தது. 1999இல் கிரான்ஃபீல்டும் கிளவுடும் ‘மீட்சி மூலதனம்’ என்ற கருத்தை வைத்தார்கள்: வீடு, வேலை, உறவு, ஊர் என்று ஒருவர் கையில் மிச்சமிருப்பவற்றையும் கேட்டு எழுத வேண்டும் என்பது அதன் பொருள்.

அதனால் திரும்பி வந்தவரிடம், “ஏன் மறுபடி குடிச்சீங்க?” என்பதற்கு முன்னால் வேறொன்றைக் கேட்கலாம். “மாலை போட்டிருந்த அந்த மண்டலம் முழுக்கக் குடிக்காம இருந்தீங்களே, எப்படி இருந்தீங்க?” அவர் கொஞ்ச நேரம் யோசிப்பார். கடை இருக்கும் தெருவில் போகாமல் சுற்றிப் போனதைச் சொல்வார். சாயங்காலம் குருசாமி வீட்டுப் பஜனைக்குப் போய்விட்டதைச் சொல்வார். சம்பளக் கவரை அப்படியே வீட்டில் கொடுத்ததைச் சொல்லும்போது, அதுவரை பேசாமல் இருந்த மனைவி, “பிள்ளைங்க ரெண்டும் அப்பா மடியிலயே கிடந்துச்சுங்க சார்” என்பார். ஆலோசகர் அதையும் படிவத்தில் எழுதிக்கொள்வார்.