ஊசியும் பூசணமும்

முதுகில் போடும் ஸ்டீராய்டு மருந்து பெரும்பாலும் பால் போல வெள்ளையாக இருக்கும். குப்பியை அசைக்காமல் வைத்தால் மாவு போல அடியில் படியும். குலுக்கித்தான் ஊசியில் ஏற்ற வேண்டும். அந்தத் துகள்கள் எளிதில் கரையாதவை. அதனால்தான் போட்ட இடத்திலேயே தங்கி மெல்ல வேலை செய்கின்றன.

இந்த வகை மருந்து உலகுக்கு அறிமுகமானது 1948 செப்டம்பரில். அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் மூட்டுவாதத்தால் முடங்கிக் கிடந்த 29 வயதுப் பெண்ணுக்கு பிலிப் ஹென்ச் குழுவினர் கார்ட்டிசோன் போட்டார்கள். சில நாட்களில் அவர் எழுந்து நடந்தார். 1950இல் ஹென்ச்சுக்கும் இதே ஆய்வில் ஈடுபட்ட கெண்டல், ரைக்ஸ்டைன் இருவருக்கும் நோபல் பரிசு. மருந்துக்குத்தான் தட்டுப்பாடு. மாட்டுப் பித்தத்திலிருந்து எடுத்த அமிலம் 615 கிலோ போட்டு, முப்பது படி தாண்டினால், அன்று மெர்க் நிறுவனத்துக்கு ஒரு கிலோ கார்ட்டிசோன் அசிட்டேட் தேறும்.

மூலக்கூறின் 11ஆம் இடத்தில் ஒரே ஓர் ஆக்சிஜன் அணுவை உட்கார வைக்கத்தான் இதில் பெரும்பாடு. 1952இல் மிச்சிகனின் அப்ஜான் நிறுவனத்தில் பீட்டர்சனும் மரேயும் அந்த வேலையைப் பூசணத்திடம் ஒப்படைத்தார்கள். ஊசிப்போன ரொட்டியில் கறுப்பாகப் படருமே, அந்த ரைசோபஸ் இனம்! மெக்சிகோ காட்டுக் கிழங்கிலிருந்து செய்த புரோஜெஸ்ட்ரோனை அதற்குத் தீனியாகக் கொடுத்தால், ஒரே படியில் ஆக்சிஜனை உரிய இடத்தில் சேர்த்துவிட்டது. விலை சரிந்தது.

முதுகுக்குப் போகும் வழி அதற்கு வெகு முன்பே திறந்தாயிற்று. 1901இல் பாரிஸில் சிக்கார், இடுப்புக்குக் கீழுள்ள எலும்பின் துளை வழியாகத் தண்டுவட உறைக்கு வெளியே கொக்கெய்ன் செலுத்தினார். 1950களின் தொடக்கத்தில் ஐரோப்பிய டாக்டர்கள் அந்தப் பகுதியில் ஹைட்ரோகார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டைப் போட்டுப் பார்த்தார்கள். முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள ஜவ்வு பிதுங்கி, நரம்பு வேர் வீங்கி, கால் வரை வலி இறங்குகிறவர்களுக்கு வீக்கம் தணிந்து சில வாரம் நிம்மதி கிடைக்கலாம். பிதுங்கிய ஜவ்வை ஊசி உள்ளே தள்ளிவிடாது. காலுக்கு இறங்காத வெறும் இடுப்பு வலிக்கு இதை நம்பிப் போவதில் பெரிய பலன் இல்லை. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. தண்டுவட உறைக்கு வெளியே போட ஸ்டீராய்டுக்கு ஒப்புதல் தந்ததில்லை என்பதும் பலருக்குத் தெரியாது. அரிதாகப் பார்வை இழப்பு, பக்கவாதம், மரணம்கூட நேரலாம் என்று 2014இல் அது எச்சரித்தது.

அதற்கு இரண்டு ஆண்டு முன்புதான் பூசணம் திரும்பி வந்திருந்தது. கெடாமலிருக்கச் சேர்க்கும் பொருள் நரம்புக்கு ஆகாதோ என்ற அச்சத்தில், அது கலக்காத மெத்தில்பிரட்னிசலோன் என்ற ஸ்டீராய்டை டாக்டர்கள் வாங்கினார்கள். மாசசூசெட்ஸ் மாநிலம் ஃப்ரேமிங்ஹாமில் நியூ இங்கிலாந்து காம்பவுண்டிங் சென்டர் தயாரித்த குப்பிகளில், புல்லிலும் மண்ணிலும் வாழும் எக்செரோஹிலம் என்ற பூஞ்சை புகுந்திருந்தது. 20 மாநிலங்களில் 750 பேருக்கு மேல் நோயுற்றார்கள். 60 பேருக்கு மேல் இறந்தார்கள். தடுத்து நிறுத்தக் கெடாப்பொருள் இல்லை. உடம்பின் எதிர்ப்பை அடக்கும் மருந்தோ அதே துளியில் கூடவே போயிருந்தது.