எப்பிங் வனத்து ஹார்ன்பீம்

லண்டன் மாநகரின் வடகிழக்கே பரந்து கிடக்கும் எப்பிங் வனத்தில், ஹார்ன்பீம் என்னும் விருட்சத்தைப் பீச் மரத்தினின்றும் பிரித்தறிவது கோடைகாலத்தில் அத்துணை சிரமமன்று. இரண்டின் இலைகளும் முட்டை வடிவின எனினும், பீச் இலையின் விளிம்பு சற்றே நெளிந்து செல்ல, ஹார்ன்பீம் இலையிலோ பெரும்பல்லும் சிறுபல்லும் மாறி மாறி அமைந்து, நரம்புதோறும் மடிப்பு ஆழ்ந்திருக்கும். ஆனால் அவ்வனத்தை நம்பி ஜீவித்த லௌட்டன் கிராமத்து ஏழைகளுக்கு இந்த இலை லட்சணம் உதவியதில்லை. கிளை கழித்து விறகெடுக்கும் பாத்தியதை அவர்களுக்கு நவம்பர் 11 நள்ளிரவு முதல் ஏப்ரல் 23 வரையில்தான், அதாவது மரங்கள் பெரும்பாலும் மொட்டையாய் நிற்கும் காலத்தில்தான் இருந்தது.

ஆகையால் அவர்கள் அடிமரத்தையே நோக்கினர். பீச்சின் அடிமரம் உருண்டு திரண்டிருக்கும். ஹார்ன்பீமினுடையதோ, சாம்பல் நிறப் பட்டையின் கீழே, உழைப்பாளியின் முன்கையில் தசைநார்கள் புடைத்தெழுவது போல் மேடும் பள்ளமுமாக முறுக்கேறி நிற்கும். ஐயமிருப்பின் சிறுகிளையைப் பற்றிப் பார்த்தால் போதும்: பீச்சின் நீண்ட அரும்பு கிளையை விட்டு விலகி நிற்க, ஹார்ன்பீமின் அரும்பு கிளையோடு ஒட்டி உள்நோக்கி வளைந்திருக்கும். சில கிளைகளில் மும்மடல் கொண்ட காய்ந்த காய்ச்சிறகுகளும் தொங்கிக்கொண்டிருக்கும்.

மற்ற மரங்களையும் அவர்கள் வெட்டினர் எனினும், நின்று எரிந்து மிகுந்த வெப்பம் தரும் ஹார்ன்பீம் விறகுக்குத் தனி மதிப்புண்டு. ஜான் ஈவ்லின் 1664-ல் வெளியிட்ட ‘சில்வா’ என்னும் நூலிலேயே இதைப் போற்றியிருக்கிறார். இரும்பு யந்திரங்கள் பெருகுமுன் ஆலைகளின் பற்சக்கரங்களுக்கும் இவ்வைரம் பாய்ந்த மரமே உதவிற்று.

வனத்தைப் பண்ணைப் பிரபு வேலியிட்டு அடைத்தபோது, தாமஸ் வில்லிங்கேல் என்னும் முதிய தொழிலாளி பணியவில்லை. கிளை கழித்த குற்றத்துக்காக அவர் குடும்பத்தினர் 1866-ல் சிறை சென்றனர். 1870-ல் அவர் காலமாகவே அவர் தொடுத்திருந்த வியாஜ்யம் முற்றுப்பெறாமல் நின்றது. எனினும் லண்டன் நகராட்சி தானே வழக்குத் தொடுத்து 1874-ல் வெற்றி கண்டது. 1878-ஆம் ஆண்டுச் சட்டத்தால் வனம் பொதுமக்களுக்கு நிலைத்தது. அச்சட்டத்தோடு கழிக்கும் உரிமையும் முடிவடைந்தது என்பதை எண்ணுகையில் மனம் வருந்துகிறது. நஷ்டஈட்டுப் பணத்தில் லௌட்டனில் 1884-ல் ‘லாப்பிங் ஹால்’ என்னும் மண்டபம் எழுந்தது.

கால்நடை மேயாதபடி ஆளுயரத்துக்கு மேலே பன்முறை வெட்டப்பட்டதால் திரண்ட முண்டுகளை, அங்குள்ள முதிய ஹார்ன்பீம்களில் இன்றும் காணலாம். கோடரி ஓய்ந்தபின் அம்முண்டுகளினின்றும் கிளைத்தவை பெரும் பாரமாகப் பருத்து, அடிமரத்தையே பிளக்கத் தலைப்பட்டன. ஆதலின் வனக்காவலர் அவற்றை மீண்டும் கழிக்கத் தொடங்கினர். ஒருசேர வெட்டினால் மரம் பட்டுப்போகும் என்பதால், சில ஆண்டுகள் இடைவிட்டுப் படிப்படியாகவே கழிக்கின்றனர்.