வெயில் சமைக்கும் சோறு

மாத்தூர்க்காரர்களுக்கு வண்ணமீன் என்றால் கொளத்தூர். மீன்தொட்டியில் பவளமும் வளர்த்தால் என்ன என்று ஆசை வருகிறதா? கொஞ்சம் பொறுங்கள்.

பவளம் கல்லுமல்ல, செடியுமல்ல, பிராணி. அதன் உடம்புக்குள் குடியிருக்கும் நுண்பாசிதான் வெளிச்சத்தில் சமைத்துப் போடுகிறது. வெளிச்சம் போனால் சோறு போச்சு!

கடல்நீர், உயிர்கள் ஒட்டியிருக்கும் பாறைத்துண்டு, காற்றுக்குமிழி, வெயில். இவ்வளவுதான் தன் முறை என்று 1961-இல் அமெரிக்கப் பத்திரிகை ஒன்றில் எழுதினார் ஜகார்த்தாவின் லீ சின் எங். வெயில் அபூர்வமான ஐரோப்பாவில் மெட்டல் ஹாலைடு விளக்கு சூரியனானது, பிறகு எல்.ஈ.டி. ஆழத்துக்கு எட்டுவது நீல ஒளி என்பதால் விளக்கிலும் நீலம் தூக்கல். தண்ணீர் 25, 26 டிகிரியில் நிற்க வேண்டும். சென்னையின் மே மாதத்தில்? குளிர்விக்க ஒரு மெஷின், கூடவே கரென்ட் பில்!

விளக்கைக் காசுக்கு வாங்கலாம். பவளத்தை? மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்காகப் பவளப்பாறைகளை வெட்டி வெட்டியே இரண்டு தீவுகள் கடலுக்குள் போயின. 2001-இல் கல் பவளங்கள் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் ஏறின. புலி இருக்கும் அதே அட்டவணை. நம் கடலில் ஒரு கிளையை ஒடித்து வந்தாலும் குற்றம்தான்.

தூத்துக்குடி ஆய்வாளர்கள் 2002 முதல் பவளக் கிளைகளைக் கடலுக்குள்ளேயே நட்டு வளர்க்கிறார்கள். அங்கே விளக்குச் செலவில்லை, வெயில் இலவசம்.