பாட்டு கேட்க ஒரு தனியறை: டீக்கடை ரேடியோவிலிருந்து வாக்மேன் வரை

இந்தத் தடவை சரித்திரம். போர், படையெடுப்பு என்று பயந்துவிடாதீர்கள். ராஜா வருவார், ஆனால் அவர் இளையராஜா :-)

பதின்ம வயதில் மனசு சரியில்லாதபோது திரும்பத் திரும்பக் கேட்ட பாட்டு என்று நம் எல்லோருக்கும் ஒன்றாவது இருக்கும். பரீட்சையில் சறுக்கியபோது, நண்பன் பேசாமல் போனபோது, காரணமே தெரியாமல் அழுகை வந்தபோது கேட்ட பாட்டு. அம்மா அப்பாவிடம் கேட்டால் அவர்களும் ஒன்று சொல்வார்கள். தாத்தா பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள். அவர்களுக்குப் பிடித்த பாட்டு நூறு இருக்கும். ஆனால் "கஷ்டமா இருந்தப்போ தனியா உட்கார்ந்து எந்தப் பாட்டைக் கேட்டீங்க?" என்றால் பெரும்பாலும் விழிப்பார்கள். அவர்களுக்குக் கஷ்டம் இல்லையா? இருந்தது. தனியாக உட்கார்ந்து கேட்கத்தான் வழி இல்லை.

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது இவ்வளவுதான். பாட்டு நமக்கு ஆறுதல் தருகிறது என்றால், அதில் பாடியவருக்கும் இசையமைத்தவருக்கும் எவ்வளவு பங்கு உண்டோ, அதே அளவு பங்கு அதை நம் காதுக்கு மட்டும் கொண்டுவந்த கருவிக்கும் உண்டு.

ஊருக்கே ஒரு பாட்டு

1950களில் ரேடியோ என்பது கூடத்தில் வீற்றிருக்கும் பெரிய மரப்பெட்டி. அதை வைத்துக்கொள்ள அஞ்சலகத்தில் பணம் கட்டி உரிமம் வாங்க வேண்டும். திருகும் உரிமை வீட்டுப் பெரியவருக்கு மட்டும். ரேடியோ இல்லாத வீடுகள்தான் அதிகம். அவர்களுக்கு டீக்கடை, சலூன், பஞ்சாயத்து ரேடியோ, கல்யாண வீட்டுக் குழாய் ஸ்பீக்கர். எந்தப் பாட்டு, எப்போது, எவ்வளவு சத்தம் என்பதை எல்லாம் வேறு யாரோ முடிவு செய்வார்கள். பையன்களாவது டீக்கடை பெஞ்சில் உட்காரலாம். பெண் பிள்ளைகள்? சுவர் தாண்டி வருவதைக் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

இது போதாதென்று அரசாங்கமும் ஒரு கை பார்த்தது. 1952-இல் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி.கேஸ்கருக்கு சினிமாப் பாட்டு பிடிக்காது. கர்நாடக இசையும் இந்துஸ்தானியும் கேட்டு மக்கள் உயர வேண்டும் என்று நினைத்தவர் அவர். அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டின் நேரம் வெட்டப்பட்டது. படத்தின் பெயரைச் சொன்னால் விளம்பரம் ஆகிவிடும் என்று அதையும் நிறுத்தினார்கள். கோபமடைந்த தயாரிப்பாளர்கள் பாட்டுகளை ஒலிபரப்பக் கொடுத்த அனுமதியையே திரும்பப் பெற்றார்கள்.

லாபம் யாருக்கு? இலங்கை வானொலிக்கு! இரண்டாம் உலகப் போரின்போது, தென்கிழக்காசியாவில் இருந்த நேச நாட்டுப் படைகளுக்காக ஆங்கிலேயர்கள் இலங்கையில் சக்திவாய்ந்த ஒலிபரப்பிகளை நிறுவியிருந்தார்கள். போர் முடிந்ததும் அவை இலங்கையிடம் வந்தன. சிப்பாய்களுக்காக வைத்த கருவி சினிமாப் பாட்டுக்குப் பயன்பட்டது. இந்தியா முழுக்க மக்கள் முள்ளை அந்தப் பக்கம் திருப்பினார்கள். நம் ஊர்க்காரர்கள் இலங்கையின் தமிழ்ச் சேவையோடு ஒட்டிக்கொண்டார்கள். எஸ்.பி.மயில்வாகனம், கே.எஸ்.ராஜா, பி.எச்.அப்துல் ஹமீத் போன்ற அறிவிப்பாளர்களுக்கு இங்கே நடிகர்களுக்கு இணையான ரசிகர்கள். அகில இந்திய வானொலி விழித்துக்கொண்டு 1957 அக்டோபர் 3 அன்று விவித்பாரதியைத் தொடங்கியது.

பாட்டு திரும்பி வந்தது. ஆனால் இன்னமும் அது கூடத்தில்தான் இருந்தது.

பைக்குள் வந்த பெட்டி

1954-இல் அமெரிக்காவில் ரீஜென்சி டி.ஆர்.1 என்ற டிரான்சிஸ்டர் ரேடியோ விற்பனைக்கு வந்தது. விலை 49.95 டாலர். உள்ளங்கை அளவு. அடுத்த ஓரிரு வருடங்களில் எல்விஸ் பிரெஸ்லி புயல். பெற்றோர் முகம் சுளித்த ராக் அண்ட் ரோலை, அவர்கள் இல்லாத இடத்துக்கு எடுத்துப்போய்க் கேட்க இளசுகளுக்கு ஒரு வழி கிடைத்தது. நம் பக்கம் டிரான்சிஸ்டர் பரவியது 1960களில். வயல் வரப்பிலும் மொட்டை மாடியிலும் பாட்டு கேட்டது. ஆனாலும் ஒரு குறை. எந்தப் பாட்டு வேண்டும் என்று நாம் கேட்க முடியாது. நேயர் விருப்பத்துக்குத் தபால் அட்டை எழுதிப் போட்டுவிட்டு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். மனசு இன்றைக்கு வலித்தால் பாட்டு அடுத்த மாதம் வரும்!

அந்தக் குறையைத் தீர்த்தது கேசட். பிலிப்ஸ் நிறுவனம் 1963-இல் பெர்லின் கண்காட்சியில் அதை அறிமுகம் செய்தது. அதை உருவாக்கிய குழுவின் தலைவர் லூ ஓட்டன்ஸ், தன் கோட்டுப் பையில் நுழையும் அளவுக்கு ஒரு மரக்கட்டையை வெட்டிக்கொண்டு, கருவி இதைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது என்றாராம். 2021-இல் காலமான அந்த மனிதருக்கு நம் அம்மா அப்பா தலைமுறை ஒரு நன்றி சொல்ல வேண்டும்.

தமிழ்நாட்டில் நேரமும் சரியாக அமைந்தது. 1976-இல் அன்னக்கிளி வந்தது, இளையராஜா வந்தார். அதே காலத்தில் வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போனவர்கள் விடுமுறைக்கு வரும்போது டேப் ரெக்கார்டரோடு இறங்கினார்கள். 1980களில் தெருவுக்குத் தெரு ரெக்கார்டிங் சென்டர். வேண்டிய பாட்டுகளை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் 60 நிமிடக் கேசட்டிலோ 90 நிமிடக் கேசட்டிலோ பதிந்து தருவார்கள். அந்தத் தாளைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். தன் மனசுக்கு என்ன வேண்டும் என்பதை ஒரு பதினாறு வயதுப் பையன் வரிசை போட்டு எழுதிய முதல் பட்டியல் அதுவாகத்தான் இருந்திருக்கும்.

தனியாகக் கேட்பது மரியாதையா?

1979 ஜூலை 1 அன்று ஜப்பானில் சோனி நிறுவனம் வாக்மேனை விற்பனைக்குக் கொண்டுவந்தது. விலை 33,000 யென். பதிவு செய்யும் வசதி இல்லாத டேப் பெட்டியை யார் வாங்குவார்கள் என்று நிறுவனத்துக்குள்ளேயே சந்தேகம் இருந்தது. சோனியின் தலைவர் அகியோ மொரிடாவுக்கோ வேறொரு கவலை. ஒருவர் தனியாகக் காதில் மாட்டிக்கொண்டு கேட்பது பக்கத்தில் இருப்பவருக்கு மரியாதைக் குறைவு ஆகாதா? அதனால் முதல் வாக்மேனில் இரண்டு பேர் கேட்க இரண்டு துளைகள் வைத்தார்கள். பாட்டைத் தாழ்த்திவிட்டு இருவரும் பேசிக்கொள்ள ஆரஞ்சு நிறத்தில் ஒரு பொத்தானும் இருந்தது.

வாங்கியவர்கள் என்ன செய்தார்கள்? தனியாகவே கேட்டார்கள். பின்னால் வந்த மாடல்களில் ஒரே ஒரு துளைதான். கேசட் வாக்மேன் மட்டும் உலகம் முழுக்கச் சுமார் 20 கோடி விற்றது. மரியாதையை விடப் பெரிய தேவை ஒன்று மனிதர்களுக்கு இருந்திருக்கிறது!

அந்தத் தேவை என்ன என்பதை 1995-இல் ரீட் லார்சன் என்ற அமெரிக்க உளவியலாளர் எழுதினார். பதின்ம வயதினர் தங்கள் படுக்கையறையில் கதவைச் சாத்திக்கொண்டு பாட்டு கேட்கும் நேரம் வீண் நேரம் அல்ல, 'நான் யார்' என்று அவர்கள் தேடிப் பார்க்கும் நேரம் என்றார். 2007-இல் பின்லாந்தின் சுவி சாரிக்கல்லியோவும் யாக்கோ எர்க்கிலாவும், இளையோர் இசையால் மனநிலையைச் சரிசெய்துகொள்ள ஏழு வழிகள் வைத்திருக்கிறார்கள் என்று பிரித்துக் காட்டினார்கள். கவலையை மறப்பது ஒரு வழி, உள்ளே இருப்பதைக் கொட்டித் தீர்ப்பது ஒரு வழி, ஆறுதல் தேடுவது இன்னொன்று. சோகமாக இருக்கும்போது சோகப் பாட்டையே கேட்பது ஏன் என்று திட்டுகிறவர்களிடம் இனி இதைச் சொல்லலாம்.

எல்லாம் சரி. ஆனால் லார்சன் சொல்லும் அந்தப் படுக்கையறை நம்மில் எத்தனை பேர் வீட்டில் இருந்தது?

என் அம்மா வீட்டில் இல்லை. 1993-இல் அம்மாவுக்கு 15 வயது இருக்கும்போது தாத்தா இறந்துவிட்டார். துக்க வீடு என்பதால் ஒரு வருடத்துக்கு ரேடியோ, டி.வி. எதுவும் போடக் கூடாது. இரவில் கூடத்தில் ஆறு பேர் வரிசையாகப் படுத்திருப்பார்கள். அழுதால் பக்கத்தில் இருப்பவர் எழுந்துவிடுவார், அவரும் அழுவார். காரியத்துக்கு சவுதியிலிருந்து வந்த மாமா, போகும்போது தன் வாக்மேனை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். கூடவே ஒரு 90 நிமிடக் கேசட். ஒரு பக்கம் முழுக்க இளையராஜா. மறு பக்கம் ரோஜா. அது வெளியாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. அதற்கு இசையமைத்த 25 வயது ஏ.ஆர்.ரஹ்மானும் 9 வயதிலேயே அப்பாவை இழந்தவர் என்பது அம்மாவுக்கு அப்போது தெரியாது.

"பாட்டு கேட்டு அழுவீங்களாம்மா?" என்று கேட்டேன். "சில நாள் அழுவேன். பல நாள் ரெண்டு பாட்டு முடியிறதுக்குள்ள தூங்கிருவேன். அதுவரைக்கும் தூக்கமே இல்லாம கிடந்தவதானே" என்றார். பேட்டரி தீர்ந்த ஒரு நாள், தலையணைக்கு அடியில் புதிதாக இரண்டு பென்சில் பேட்டரி இருந்ததாம். பாட்டி வைத்திருக்கிறார். அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கதவு இல்லாத வீட்டில் அந்த இரண்டு பஞ்சு உருண்டைகள்தான் அம்மாவுக்குக் கதவு.

இன்று?

2001 அக்டோபர் 23 அன்று ஆப்பிள், ஐபாடை அறிமுகம் செய்தது. ஆயிரம் பாட்டு பைக்குள் என்றார்கள். நம் ஊரில் எம்.பி.3 சி.டி., அப்புறம் செல்போன் கடையில் மெமரி கார்டில் பாட்டு ஏற்றிக்கொள்ளும் பழக்கம். 2016-இல் ஜியோ வந்து டேட்டா விலை சரிந்தபின் எந்தப் பாட்டும் நொடியில் கிடைக்கிறது. ரெக்கார்டிங் சென்டர்கள் ஜெராக்ஸ் கடைகளாகிவிட்டன.

கிடைத்தது ஏராளம். ஒன்று மட்டும் குறைந்திருக்கிறது. வாக்மேனுக்குள் யாரும் நுழைய முடியாது. போனில் பாட்டு ஓடும்போதே வகுப்புக் குழுவில் மார்க் வருகிறது, விளம்பரம் வருகிறது, நாம் தப்பித்து வந்த அதே சண்டை மெசேஜாக வருகிறது. அறை இருக்கிறது, தாழ்ப்பாள் இல்லை.

இன்னொன்றையும் பெரியவர்களிடம் சொல்ல வேண்டும். ப்ளஸ் டூ வந்ததும் பல வீடுகளில் போன் பீரோவுக்குள் போய்விடுகிறது. அதற்கு நியாயமான காரணங்கள் இருக்கலாம், நான் மறுக்கவில்லை. ஆனால் போனோடு சேர்ந்து பாட்டும் போகிறது. வாழ்க்கையிலேயே மனசு அதிகம் அலைபாயும் வருடத்தில், அது ஒதுங்கி உட்காரும் ஒரே இடமும் பூட்டப்படுகிறது. போனை வாங்கி வையுங்கள். பதிலுக்கு ஒரு சின்ன எம்.பி.3 பெட்டியோ, காதில் மாட்டும் எப்.எம். ரேடியோவோ கொடுங்கள். சில நூறு ரூபாய்தான். என்ன கேட்கிறான், எதற்குக் கேட்கிறாள் என்று விசாரிக்காதீர்கள். பேட்டரி தீர்ந்தால் மட்டும் வாங்கிக் கொடுங்கள்.